நகக்கண்ணில் நீலம்

வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன், ஜன்னலைத் திறந்தேன், வெயில் முகத்தில் அறைந்ததும் மூடினேன். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் "கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" என்று கேட்டிருப்பார். அவர் பஸ் டிரைவர். சக்கரத்தோடு திரிகிறவர் அவர், பேச்சு மட்டும் எனக்கு. இன்றைக்கு அவருக்குப் பகல் டியூட்டி.

இத்தனைக்கும் காலையில் பார்த்த வேலை கெட்டுப்போகவில்லை. நன்றாக இருக்கிறது என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். எங்கள் சூப்பர்வைசர், யாரையாவது பாராட்டினால் சொத்தில் பங்கு கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிற மனிதர், அவரே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்றார். அப்புறம் எதற்கு இந்த அரிப்பு? பல்லிடுக்கில் நார் சிக்கினால் நாக்கு அங்கேயே போய்ப் போய் வருமே, அப்படி மனசு போய்ப் போய் வந்தது. என்ன சிக்கியிருக்கிறது என்றுதான் பிடிபடவில்லை.

நான் ரிப்பேர் வெல்டர். புதுசாக கேட், கிரில் செய்கிற ஆள் இல்லை. உடைந்தது, தேய்ந்தது, விரிந்தது, முன்னால் எவனோ அரைகுறையாக ஒட்டிவிட்டு ஓடிப்போனது, இதெல்லாம் என்னிடம் வரும். வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் போர்வையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம், அத்தனை பெரிய டிரம் வைத்த மெஷின்கள். துவைப்பதும் அதுதான், பிழிவதும் அதுதான். பிழியும்போது டிரம் சுற்றுகிற சுற்றில் தரை உள்ளங்காலைக் கூசவைக்கும்.

அதில் மூன்றாம் நம்பர் மெஷினில், டிரம்முக்குள்ளே துணியைத் தூக்கிப் போடுகிற பட்டையின் அடியில் விரிசல். விரிசல் என்பது பொய் மாதிரி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு அது முடிந்துவிடாது. முதலில் சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்துப் பார்த்தேன். உள்ளே ஒளிந்திருந்த சாயம் மெல்ல ஊறி வந்து, நான் நினைத்ததைவிட நீளமாக ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. பட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டின் நுனியிலும் சின்னதாகத் துளை போட்டேன். அப்படிப் போட்டால் விரிசல் அதற்கு மேல் ஓடாது. பிறகு கிரைண்டரால் பள்ளம் எடுத்து, எங்கே பார்த்தாலும் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியை ஈரத்துணியால் துடைத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் டிரம்முக்குள் விட்டேன்.

ஸ்டெயின்லெஸ் தகடு ரோஷக்காரி. ஒரேயடியாகச் சூடு காட்டினால் முறுக்கிக்கொள்ளும், டிரம் கோணிப்போகும். விரல் நீளத்துக்கு ஒரு வெல்டு, அப்புறம் கை வைத்துப் பொறுக்கிற வரை காத்திருப்பது, அப்புறம் வேறொரு இடத்தில் விரல் நீளத்துக்கு. எல்லாம் முடிந்ததும் வெல்டின் மேல் படிந்த கசடை, அதுதான் ஸ்லாக், அதைத் தட்டி, தேய்த்து, பஞ்சை எடுத்து மேலே இழுத்துப் பார்த்தேன். ஒரு இழைகூடச் சிக்கவில்லை. சிக்கினால் நாளைக்கு நோயாளியின் போர்வை கிழியும். மறுபடி சாயம் அடித்தேன். வெள்ளைப் பொடி வெள்ளையாகவே இருந்தது.

இத்தனையும் சரியாகத்தான் செய்தேன். தப்பு ஒன்றே ஒன்றுதான், அவசரப்பட்டேன். அதற்குக் காரணம் என் நாத்தனார்.

வீட்டுக்காரரின் தங்கை. வீட்டில் கூப்பிடுகிற பெயர் குட்டி. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் குட்டிதான். அதே சலவைக்கூடத்தில் அந்த மூன்றாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவள் அவள். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். போன மழைக்காலத்திலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

சண்டைக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவள் வீடு மாற்றிய அன்று நான் உதவிக்குப் போகவில்லை. பாய்லர் பைப் வெடித்துவிட்டது, வேலைக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "அண்ணி கை பட்டா இரும்பெல்லாம் ஒட்டிக்கும். எங்க வீட்டு மனுஷங்கதான் அவங்களோட ஒட்டமாட்டேங்கிறோம்." எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அந்த மனுஷனுக்கு நேரங்காலமே தெரியாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஜாதகம். "துரு இருந்தா ஒட்டாது. முதல்ல உன் துருவைச் சுரண்டிட்டு வா" என்றேன். அவள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனாள்.

அவளே வந்து பேசட்டும் என்று நான். அண்ணியே கூப்பிடட்டும் என்று அவள். வேலையிடத்தில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் யாராவது ஆள் வேண்டும். "மூணாம் நம்பர்ல கதவு இறுகுதுன்னு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க" என்பாள், நான் பக்கத்திலேயே நிற்கும்போது. "பார்த்தாச்சுன்னு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க" என்பேன் நான். நடுவில் மாட்டிக்கொண்ட ஃபிட்டர் அண்ணன் ஒருநாள், "எனக்கு ரெண்டு சம்பளம் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

இன்றைக்கு அவளுக்கு மதிய ஷிப்ட். ஷிப்ட் மாறுகிற மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கமாக வெளியேறிவிட வேண்டும் என்று எனக்கு வைராக்கியம். முடித்தேன். வெளியேறினேன். வெற்றி எனக்குத்தான்.

அந்த வெற்றியோடுதான் வீட்டில் இப்படிக் கூண்டுக்குள் அடைத்த மாதிரி உலாத்திக்கொண்டிருந்தேன். சரி, வயிறு காலியாக இருந்தால் மனசும் இப்படித்தான் இருக்கும் என்று தட்டில் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு, கை கழுவக் குழாயைத் திறந்தேன். சோப்பைத் தேய்த்துக் கையை விரித்துப் பார்த்தபோது வலது ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் ஏதோ அடைத்திருந்தது. வழக்கமாக என் நகத்தில் இருப்பது கறுப்பு. இது நீலம்.

டிரம்மில் பெயின்ட் கிடையாது. பளபளவென்று வெறும் தகடு. நீலப் பெயின்ட் அடித்திருப்பது மெஷினின் சட்டத்துக்கு.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது.

வெல்டு வைக்கிற கரண்ட் ராடு வழியாக உள்ளே போனால் போதாது, வெல்டிங் மெஷினுக்குத் திரும்பி வர அதற்கு வழி வேண்டும். அதற்குத்தான் எர்த் கிளாம்ப், இன்னொரு கேபிளின் நுனியில் இருக்கிற கவ்வி. எந்தத் துண்டில் வெல்டு வைக்கிறோமோ அந்தத் துண்டிலேயே அதைக் கவ்வவிட வேண்டும். விரிசலின் முதல் பக்கத்துக்கு டிரம்மின் விளிம்பிலேயேதான் போட்டிருந்தேன். மறுபக்கத்துக்காக டிரம்மைத் திருப்பியபோது கேபிள் சுற்றிக்கொள்ளும் என்று கழற்றினேன். மறுபடி விளிம்பில் போட வேண்டுமென்றால் நான் வெளியே வந்து, சுற்றிப் போய், கேபிளை இழுத்து... மணி அடிக்கப் போகிறது, அவள் வந்துவிடுவாள். பக்கத்திலேயே சட்டத்தின் கால் இருந்தது. அரத்தால் பெயின்டைச் சுரண்டினேன், போதாததற்கு நகத்தாலும் சுரண்டினேன், கிளாம்ப்பைக் கவ்வவிட்டேன். உள்ளே நுழைந்துவிட்டேன்.

டிரம்முக்கும் சட்டத்துக்கும் நடுவே இருப்பது பேரிங் மட்டும்தான். அந்தப் பக்கத்து வெல்டு முழுக்க, அத்தனை கரண்டும், பேரிங்குக்குள் இருக்கிற உருளைகள் வழியாகத்தான் போயிருக்கிறது. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டிய உருளைகளில் உள்ளுக்குள்ளேயே பொறி பறந்து குழி விழுந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இது பெரிய ரகசியமும் இல்லை. ராடு பிடிக்கப் பழகுகிறவனுக்கே முதலில் சொல்லிக் கொடுக்கிற விஷயம். நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன்.

குழாயை மூடினேன்.

அந்தப் பேரிங் இன்றைக்கே போகலாம். ஆறு மாசம் கழித்தும் போகலாம். அதுதான் கொடுமை. போகிறது என்று தெரிந்தால் ஓடலாம், போகாது என்று தெரிந்தால் தூங்கலாம். துணியும் தண்ணீரும் நிறைந்து முழு வேகத்தில் பிழியும்போது பேரிங் இறுகிப்போனால் என்ன ஆகும் என்று முன்பு வேலை பார்த்த இடத்தில் பார்த்திருக்கிறேன். அது இதைவிடச் சின்ன மெஷின். போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு தரையில் நடந்து வந்தது. அங்கே நல்லவேளையாக யாரும் நிற்கவில்லை. இங்கே குட்டி நிற்பாள். நிற்பதுகூட இல்லை, சாய்ந்துகொள்வாள். மெஷின் பிழிகிற நேரத்தில் அதன் கதவில் கையை ஊன்றிச் சாய்ந்து இடுப்பு வலியை ஆற்றிக்கொள்வது அவள் வழக்கம். பேச்சு இருந்த காலத்தில் "சாயாதடி, அது என்ன உன் புருஷனா?" என்று நான் திட்டாத நாள் கிடையாது.

போனை எடுத்தேன். வீட்டுக்காரர் வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார், எடுக்கவும் இல்லை. வேலை நேரத்தில் குட்டியின் போன் லாக்கரில் இருக்கும். இருந்தாலும் முயற்சி பண்ணினேன். போகவே இல்லை. என் நம்பரை அவள் எப்போதோ தடுத்து வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்த அவசரத்திலும் சுருக்கென்றது.

சூப்பர்வைசர் எடுத்தார். பின்னால் மெஷின்களின் இரைச்சல்.

"சார், மூணாம் நம்பரைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. நான் வந்து ஒருதடவை பார்த்துடறேன்."

"எதுக்கும்மா? வெண்ணெய் மாதிரி ஓடுது. ஆஸ்பத்திரி லோடு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு."

"இல்ல சார், சும்மா ஒரு சந்தேகம்."

"நீதானே காலையில, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்னு சொன்ன?"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். சார், கிளாம்ப்பைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி. நாக்கு எழவில்லை. என் கையால் வைத்த வெல்டு இதுவரை திரும்பி வந்ததில்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான். "சொன்னேன் சார், ஆனா..." என்று இழுத்தேன். "நாளைக்கு வந்து பாரும்மா" என்று வைத்துவிட்டார். தட்டில் போட்ட சாப்பாட்டை மூடி வைக்கக்கூடத் தோன்றாமல் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

அவசரத்துக்குத்தான் பஸ் வராது. வந்தபோது நிறைமாதக்காரி மாதிரி அசைந்து வந்தது. படியருகிலேயே நின்றுகொண்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமே என்று மனசுக்குள் ஒரு குரல் வேறு. ஆறு மாசம் ஓடுகிற பேரிங்காகவும் இருக்கலாமே. ஆறு மாசம் கழித்துப் போனால் ஃபிட்டர் அண்ணன்தான் மாட்டுவார். போன வாரம் அந்தப் புது பேரிங்கைப் போட்டவர் அவர். பேரிங் போனால் பழி ஃபிட்டர் தலையில், வெல்டரை யார் கேட்கப்போகிறார்கள்? இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரிந்தது என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் கொஞ்சம் வேகமாகப் போனால் இந்த யோசனையெல்லாம் வராது என்று டிரைவர் மேல் கோபம் வந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் வால் பிடித்து நின்றன. சலவைக்கூடத்துப் புகைபோக்கி அந்தப் பக்கம் தெரிந்தது.

"கதவைத் திறங்க, இறங்கிக்கிறேன்."

"ஸ்டாப்பிங் இல்லாம திறக்க முடியாதும்மா."

"என் வீட்டுக்காரரும் டிரைவர்தாங்க."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார் அவர்.

கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுத் தன் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். ரயில் வந்தது, பெட்டி பெட்டியாகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. இந்நேரம் துவைத்து முடிந்திருக்கும், தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும், அடுத்தது பிழிகிற வேகம். குட்டியின் சின்னப் பெண்ணுக்கு இன்னும் தனியாகத் தலைவாரத் தெரியாது. எதற்கு இதெல்லாம் ஞாபகம் வருகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இறங்கியதும் ஓடினேன். காவலாளி "என்னம்மா மறந்துட்டீங்க?" என்று கேட்டார். கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடந்தேன்.

உள்ளே நீராவி, சோப்பு வாசனை, இரைச்சல். மூன்றாம் நம்பர் பிழிந்துகொண்டிருந்தது. குட்டி அதன் கதவில் இடது கையை ஊன்றிச் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி நின்றிருந்தாள். மற்றவர்களுக்கு அது எப்போதும் கேட்கிற சத்தம்தான். எனக்கு அதன் அடியில் இன்னொரு சத்தம் கேட்டது, மணலை மெல்லுகிற மாதிரி. நிஜமாகவே கேட்டதா, பயம் கேட்கவைத்ததா, தெரியாது.

சுற்றும் முற்றும் பார்த்தேன். இத்தனை மாசப் பழக்கம், நடுவில் ஒரு ஆளைத் தேடினேன். அந்த அம்மாகிட்ட சொல்லுங்க என்று சொல்ல யாரும் இல்லை. சூப்பர்வைசர் தூரத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

"குட்டி!"

என் தொண்டையில் அத்தனை சத்தம் இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. அவள் திரும்பினாள்.

"கையை எடு! நிறுத்து! நிறுத்துடி!"

ஏன் என்று கேட்கவில்லை. நீ யார் சொல்ல என்று கேட்கவில்லை. என் வாய் மூடுவதற்குள் அவள் கை சிவப்புப் பொத்தானில் இருந்தது. டிரம் வேகம் குறையக் குறைய அந்த மணல் சத்தம் தனியாகப் பிரிந்து கேட்டது. இப்போது அவளுக்கும் கேட்டது. மெஷினை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், சுவரோரம் வரை பின்னால் நகர்ந்துகொண்டாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யாரு நிறுத்தினது? லோடு பாதியில கிடக்கு. போடு, போடு."

"அண்ணி நிறுத்தச் சொன்னாங்க சார்" என்றாள் குட்டி. பொத்தானுக்கு முன்னால் வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க குடும்பப் பஞ்சாயத்தை வீட்டுல வெச்சுக்கோங்க. என்ன காரணம்?"

"அது எனக்குத் தெரியாது. அவங்க சொல்லுவாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இஸ்திரிப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எனக்கு வேர்த்து ஊற்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இன்னும்கூட வழி இருந்தது. பேரிங்கில் ஏதோ சத்தம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம், வெல்டிங்கைப் பற்றி மூச்சே விட்டிருக்க வேண்டாம். காரணம் தெரியாமலேயே எனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாளே, அவளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் சார். கிளாம்ப்பை டிரம்முல போடாம சட்டத்துல போட்டுட்டேன். கரண்டு பூரா பேரிங் வழியா போயிருக்கு. போன்லயே சொல்லியிருக்கணும். வெட்கமா இருந்துச்சு, சொல்லலை."

ஈரத்துணியை எல்லாம் இறக்கினோம். ஃபிட்டர் அண்ணன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் உட்கார்ந்திருக்கிற கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, டிரம்மைக் கையால் சுற்றச் சொன்னார். நான்தான் சுற்றினேன். அவர் முகம் மாறியது. பின்மூடியைக் கழற்றி, கிரீஸை வழித்து, டார்ச் அடித்தார். உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகக் கருகியிருந்தது. ஒரு பக்கம் உருளையின் மேல்பரப்பு உரியவே ஆரம்பித்துவிட்டது.

"வெல்டு?" என்று கேட்டேன்.

உள்ளே எட்டிப் பார்த்தார். "வெல்டுக்கு என்ன, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் அவுட்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா என் தலைதான் உருண்டிருக்கும், தங்கச்சி" என்றார்.

"எத்தனை நாள் ஓடியிருக்கும் அண்ணே?"

"நாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார். குவித்து வைத்திருந்த ஈரமூட்டைமேல் உட்கார்ந்தேன்.

சூப்பர்வைசர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். எல்லோருக்கும் முன்னால் நிதானமாகச் சொன்னார்: "இனிமே நீ ராடைத் தொடறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் பக்கத்துல வந்து, கிளாம்ப் எங்க இருக்குன்னு பார்த்து சரின்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் வேலை. இத்தனை வருஷ அனுபவம்னு சொல்லிக்கிட்டு..." மீதியை முழுங்கிவிட்டார். நேற்றுப் பழக வந்தவளுக்குப் போடுகிற உத்தரவு எனக்கு. காது சுட்டது.

"யாரு பார்க்கிறது?" என்றார் ஃபிட்டர் அண்ணன். "எனக்கு ஏற்கெனவே தூது போற வேலை இருக்கு."

"நான் பார்க்கிறேன் சார்" என்றாள் குட்டி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போயும் போயும் நாத்தனாரா? அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, சூப்பர்வைசரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி எங்க போட்டாலும் குனிஞ்சு பார்த்து சொல்றேன். நான்தானே அந்த மெஷின்ல நிக்கிறவ" என்றாள். சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டு, மற்ற மெஷின்களுக்கு லோடைப் பிரித்துப் போடப் போனார். கூட்டம் கலைந்தது.

அவள் வந்து அதே மூட்டையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். இடது கையை வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவில் ஊன்றியிருந்த கை.

"இத்தனை மாசம் கழிச்சு வாயைத் திறந்து கூப்பிட்டீங்க" என்றாள். "அதுவும் 'டி' போட்டு."

"சாயாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? கேட்டியா நீ?"

"திட்டறதுக்கு ஆளில்லாம பழகிப்போச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுகிற ஆள் இல்லை. கண்ணில் பொறி பட்ட நாளில்தான் என் கண்ணில் தண்ணீரைப் பார்த்திருக்கிறார்கள். "நீ வர்றதுக்குள்ள போயிடணும்னுதான் அவசரப்பட்டேன் குட்டி. உன் மூஞ்சியைப் பார்க்கக் கூடாதுன்னு. அதனாலதான் கிளாம்ப்பை அங்க போட்டேன்" என்றேன். இதை நான் சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லப்போவதும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொள்ள நான் தூக்கிய கையை எட்டிப் பிடித்தாள். நகத்தைப் பார்த்தாள். மூன்றாம் நம்பரின் காலில் பெயின்ட் உரிந்து பளிச்சென்று தெரிந்த இடத்தைப் பார்த்தாள். அவள் மெஷின், அதன் நீலம் அவளுக்குத் தெரியாதா? இடுப்பில் சொருகியிருந்த ஊக்கை எடுத்து நிமிர்த்தினாள்.

"காட்டுங்க. துருவைச் சுரண்டணும்னு அன்னைக்கு யாரோ சொன்னாங்க."

ஊக்கு நுனியால் நகக்கண்ணிலிருந்து துளித் துளியாக எடுக்க ஆரம்பித்தாள். வலித்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"போதும் குட்டி, கொஞ்சம் இருக்கட்டும்" என்றேன். "இல்லைன்னா மறந்துடுவேன்."

அவள் நிமிரவே இல்லை. கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மறக்க விட்டுடுவேனா நான்?" என்றாள். "நாத்தனார் எதுக்கு இருக்கேன்?"